அண்டர்சன் கதைகளும் தமிழ் வாசகரும்

டென்மார்க்கு நாட்டுக் கதாசிரியராகிய ஹன்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சன் தம் கதைகளுக்குத் தாமே குறிப்புகள் எழுதிவைத்துள்ளார். அவற்றுள் 'ஒரு தாயின் கதை' பற்றிக் கூறுமிடத்து, தெருவில் நடந்து செல்கையில் அக்கதை எவ்விதத் தூண்டுதலுமின்றித் தம் உள்ளத்தில் உதித்தது என்றும், மொழிபெயர்ப்பின் வாயிலாக அஃது இந்துக்களிடையே பெரிதும் விரும்பிப் படிக்கப்படுவதாகத் தமக்குச் சொல்லப்பட்டது என்றும் குறிப்பிடுகின்றார். 1847இல் வெளிவந்த அக்கதை, 1875இல் அவருடைய 70ஆவது பிறந்த நாளையொட்டிப் பதினைந்து மொழிகளில் ஒரே நூலாக அச்சிடப் பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே ஆசிரியர் காலமானார். இந்துக்கள் தம்மைப் படிக்கிறார்கள் என்று கேட்டு அவர் மகிழ்ந்தது இயல்பே. ஆயின், படித்த இந்து என்ன எண்ணினான் என்பது வேறொரு வினா. அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை ஒரே குரலில் அமைவதன்று. ஒரு கதையில் உருகி நின்ற வாசகன் அடுத்த கதையில் முகஞ் சுளிப்பதும், ஒரே கதையின் முற்பகுதியை ஏற்றவன் பிற்பகுதியை மறுப்பதும் உண்டு. இக்கலப்பான உணர்ச்சிக்குக் காரணம் வாசகனின் அறியாமையா, ஆசிரியரின் குறையா, அன்றி இரண்டும் அல்லாத வேறொன்றா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

டேனியருக்கும் தமிழருக்கும் இடையேயுள்ள தொடர்பு அண்டர்சனுக்கு இரு நூற்றாண்டுகள் முற்பட்டது. கண்டி மன்னன் செனரத்தோடு உடன்படிக்கை செய்யும் நோக்கோடு ஓவே ஜெட்டே என்பவரின் தலைமையில் வந்த டேனியக் கப்பல்கள் 1620இல் முதலில் இலங்கைக் கரையையே அடைந்தன. இங்கு எண்ணியது கைகூடாமையின், தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். டென்மார்க்கு மன்னர் அனுப்ப 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்க் நிறுவிய அச்சுக்கூடத்திலேயே தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. 1845இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றனர். 'தீக்குச்சி விற்ற சிறுமி', 'சிவப்புச் சப்பாத்து' ஆகிய இரு கதைகளும் வெளிவந்தது அவ்வாண்டிலேதான். இத்துணை நெருங்கிய உறவிருந்தும், அண்டர்சன் தமிழனிடம் வந்து சேர்ந்தது டேனிய மொழி வழியாக அன்று, ஆங்கிலத்தின் வழியாகவே. அவ்வழியும் செம்மையானதன்று. இளவரசி ஒருத்தியின் மெத்தைகளுக்கடியில் ஆசிரியர் வைத்தது ஒரே பட்டாணி. 1846இல் வந்த முதல் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது மூன்று பட்டாணிகளாயிற்று! ஒன்றே உறுத்தியது என்பதில்தான் நகைச்சுவை முழுவதும் தங்கியிருக்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தால், வழியில் எத்துணை இழக்கப்பட்டிருக்கும் என்பது விளங்கும்.

அண்டர்சனைக் குறை கூறுதல் அயலவர்க்கே உரியதன்று என்பதையும் மறத்தலாகாது. 1835இல் முதற் கதைத் தொகுதி வெளிவந்தபோது கொப்பன்கேகன் விமர்சகர் சிலர் அதனை வரவேற்கவில்லை. கதைகளில் நீதி இல்லை, நடை பேச்சு வழக்காக இருக்கிறது, குழந்தைகளுக்கு ஊறு விளைக்கும் என்பன அவர்கள் கூறிய குற்றங்கள். மெய்யியலாளர் கீர்க்ககார்ட் 1838இல் வெளியிட்ட தம் முதல் நூலையே அண்டர்சனின் நாவலொன்றைக் கண்டிப்பதற்குப் பயன்படுத்தினார். ஒருவனுடைய மேதை, சூழ்நிலை இடங்கொடாவிடில் அணைந்துபோகும் சிறு சுடர் அன்று. காற்று வீச வீசக் கிளர்ந்தெழும் நெருப்பு என்பது கீர்க்ககார்ட்டின் வாதம். அண்டர்சனோ தம் மாந்தரைப் பிறர் இரக்கத்துக்கு ஏங்குபவராகவே படைத்தார் என்றார் அவர். இக்கண்டனம் நாவலைப் பற்றியதாயினும், பின்னர் எழுந்த கதைகள் பலவற்றுக்கும் பொருந்துவதைக் காணலாம்.

'அரசரின் புத்தாடை'யைப் பொறுத்தவரை கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஸ்பானிய மூலத்திலிருந்து எடுத்தாளப்பட்ட அக்கதையில், அரசர் உடுக்கவில்லை என்று குழந்தை கூவும் முடிவை அண்டர்சன் அச்சுப்படி திருத்தும் வேளையிலேயே சேர்த்தார். அக்கடைசித் திருத்தம் இல்லையேல் உலகம் இன்று அக்கதையை நினைவு வைத்திருக்குமோ என்பது ஐயமே. அரசவைப் புலவர் மரபை நன்கறிந்த தமிழருக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

சிக்கல் தொடங்குவது 'அழகற்ற தாராக்குஞ்சு' (1843) என்னும் கதையில். இஃது ஆசிரியரின் வாழ்க்கையே என்பர். ஓடென்சே என்னும் சிற்றூரில் 1805இல் பிறந்த அவருடைய தந்தை சப்பாத்துத் தைப்பவர். தாய் பிறர் ஆடை வெளுத்துப் பிழைத்தவள். பதினான்காவது வயதில் தனியே தலைநகர் சென்று, ஏளனங்களுக்கு ஆளாகி, ஈற்றில் அரசர்களின் விருந்தினராக உயர்ந்தார். தோல் தைத்தலும் துணி வெளுத்தலும் ஐரோப்பாவில் வறுமைக்கு அடையாளங்கள்; தமிழர் சமுதாயத்திலோ அவை சாதிக்கு அடையாளங்கள். ஆகவே இவ்வரலாற்றைத் தமிழ் வாசகன் படிக்கும்போது டேனிய வாசகனைவிட ஒருபடி கூடுதலாகவே அதிர்ச்சியுறுகிறான். அத்தகைய தாய் தந்தையருக்குப் பிறந்தவன் உலகப் புகழ் எய்தினான் என்ற செய்தி அவனுக்கு வெறுங் கதையன்று.

ஆயின் கதையைக் கூர்ந்து நோக்குக. துன்புற்ற குஞ்சு அன்னமாக மாறவில்லை. அது தொடக்கத்திலேயே அன்னம். முட்டை இடம் மாறிக் கிடந்தது, அவ்வளவே. கதையின் முடிவில் ஆசிரியர் கூறும் கருத்தும் முட்டையின் உயர்வையே காரணமாகக் காட்டுகின்றது. அப்படியாயின் உண்மையிலேயே தாராவாகப் பிறந்து அழகின்றியும் இருந்த குஞ்சின் கதி யாது? அதனைக் கொத்தியது முறை என்று ஆகிவிடாதா? டேனியத் திறனாய்வாளர் கியோர்க் பிராண்டெஸ் 1869இல் வேறொரு குறையைக் கண்டார். காட்டுப் பறவை ஈற்றில் தோட்டக் குளத்தில் குழந்தைகள் எறியும் பாண் துண்டை உண்டு மகிழும் வளர்ப்புப் பறவையாவது இழிவென்பது அவர் கருத்து. அவர் சுட்டியது முடிவின் அடிமைத்தனம். தமிழ் வாசகன் சுட்ட வேண்டியது தொடக்கத்தின் பிறப்புரிமை. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடை செய்யும் சட்டம் இலங்கையில் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் உள்ளே செல்லும் உரிமைக்காக மக்கள் போராட நேர்ந்த வரலாற்றை அறிந்தவன், பிறப்பால் உயர்ந்தவை மட்டுமே ஈற்றில் ஏற்கப்படும் கதையை விடுதலைக் கதை என்று கொண்டாடுதல் எங்ஙனம்?

இதனைக் கூறுங்கால் தன் வீட்டையும் நோக்குதல் தமிழனுக்குக் கடனாகும். சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் புராணத்தில், தில்லையுட் புக விழைந்த நந்தனார் தீயிற் புகுந்து, முப்புரிநூல் விளங்கும் முனிவராக எழுந்த பின்னரே உட்செல்கிறார். அன்பு அவருடையதே; ஆயினும் வாயில் திறப்பது வடிவம் மாறிய பிறகே. தாராக்குஞ்சு நீரில் தன் நிழலைக் கண்டு தான் அன்னம் என அறியும் கட்டத்தை இதனோடு ஒப்பிட்டால், அண்டர்சனை மட்டும் குற்றங் கூறுதல் நடுவுநிலையாகாது என்பது தெளிவு. இரு கதைகளிலும் வாயில் காப்போன் திருந்துவதில்லை.

'பாணை மிதித்த பெண்' (1859), 'சிவப்புச் சப்பாத்து' என்னும் இரண்டும் தண்டனைக் கதைகள். சப்பாத்து சேறாகாமல் இருத்தற்பொருட்டு, தாய்க்குக் கொண்டுசென்ற பாணைச் சேற்றிலிட்டு மிதித்த இங்கர் என்னும் சிறுமி நரகில் அமிழ்கிறாள். இத்தண்டனை மிகையென்று மேனாட்டு வாசகர் பலர் வருந்துவர். சோற்றுப் பருக்கை காலில் படின் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டிலே வளர்ந்தவனுக்கு அங்ஙனம் தோன்றாது. அன்னத்தை மிதித்தவள் மண்ணுள் போவாள் என்பதைப் பாட்டி சொல்லக் கேட்டவனைப் போலவே அவன் படிக்கிறான். பின்னர் அப்பெண் பறவையாகிப் பிற பறவைகளுக்குப் பொறுக்கிக் கொடுத்த பாண் துகள்களின் எடை, மிதித்த பாணின் எடைக்குச் சமமானபோது விடுதலை பெறுகிறாள். வினைக் கணக்கு இதனினும் துல்லியமாக எந்தப் புராணத்திலும் தீர்க்கப்பட்டதில்லை எனலாம். முன்பின் அறியாத ஒரு குழந்தை இங்கருக்காகச் சிந்திய கண்ணீரே விடுதலைக்கு முதற் காரணமாயிற்று என்பது கதையின் உயிர்நாடி.

'சிவப்புச் சப்பாத்து' அங்ஙனம் நெருங்கி வருவதில்லை. கோயில் வழிபாட்டிலும் தன் புதுச் சப்பாத்தையே எண்ணிய கறன் என்னும் சிறுமியைச் சப்பாத்துகள் ஓயாது ஆட்டுவிக்க, ஈற்றில் கொலைத் தொழிலாளன் அவள் பாதங்களை வெட்டுகிறான். தம் திடப்படுத்தல் நாளில் புதிய சப்பாத்துகள் கிறீச்சிட்டதில் பெருமை கொண்டு, பின்னர் அதற்காக நாணிய நிகழ்ச்சியை அண்டர்சன் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். கதையின் வித்து அதுவே. தமிழ் மாணவனுக்கோ முதல் வரியிலேயே இடறல். கோயிலுக்குள் சப்பாத்து அணிந்து செல்வது எந்நிறமாயினும் குற்றம் என்று பழகியவன், கறுப்பாயின் தகும், சிவப்பாயின் தகாது என்னும் வேறுபாட்டின் நுட்பத்தை உணர்வதற்கில்லை. வாயிலிலே கழற்றி வைத்திருந்தால் தொல்லை தீர்ந்திருக்குமே என்று அவன் எண்ணுவது நகைப்புக்குரியதன்று. ஒரு கதையின் அடித்தளம் எவ்வளவு மெல்லிய வழக்கத்தின்மீது நிற்கின்றது என்பதைக் காட்டுவது. வழக்கத்தை விளக்கிய பின்னும் பாதம் வெட்டுண்ட கொடுமை எஞ்சி நிற்கும். அதனை ஏற்கவேண்டும் என்ற கட்டாயம் எவர்க்குமில்லை.

கொட்டாஞ்சேனையிலோ ஹெந்தளையிலோ கத்தோலிக்க மாணவனும் சைவ மாணவனும் அடுத்தடுத்து அமர்ந்து ஒரே பாடத்தைப் படித்தல் வழக்கம். இருவரும் கடலோரத்துப் பிள்ளைகள், வெண்பனியைக் காணாதவர்கள், அலையையும் நுரையையும் நாள்தோறும் காண்பவர்கள். 'சின்னக் கடற்கன்னி' (1837) என்னும் கதையே அவர்களைப் பிரிக்கும். கடற்கன்னியர் முந்நூறு ஆண்டு வாழ்ந்து நுரையாய்க் கரைவர். மனிதருக்கோ அழியாத ஆன்மா உண்டு என்று பாட்டி கூற, அவ்வழியாமையை அவாவியே கதாநாயகி நிலத்துக்கு வருகிறாள். இளவரசன்மீது கொண்ட காதல் ஒரு பாதி, ஆன்மாவின்மீது கொண்ட காதல் மறு பாதி. நாவை அறுத்துக் கொடுத்துக் கால்களைப் பெறுகிறாள். ஒவ்வோரடியும் கத்திமேல் வைத்ததுபோல் வலிக்கிறது. கத்தோலிக்கச் சிறுவனுக்கு இவ்வேட்கை விளங்கும். நாவலரின் சைவ வினாவிடை படித்த சிறுவனுக்கு, ஆன்மாக்கள் தோற்றமும் அழிவும் அற்றவை, அவையே நால்வகைத் தோற்றத்து எழுவகைப் பிறப்பையும் எடுத்து உழல்வன என்பது பால பாடம். புல்லாய்ப் பூடாய்ப் பிறந்து இளைத்ததை மணிவாசகர் சொல்லக் கேட்டவன். ஆனைக்காவில் சிலந்தி வழிபட்டுச் சோழனாய்ப் பிறந்த வரலாற்றை அறிந்தவன். மீன்மகளுக்கு ஆன்மா இல்லை என்ற சொல்லே அவனுக்குப் பொருளற்றது. மகாபாரதத்தில் மீன் வயிற்றிற் பிறந்த மச்சகந்தி சந்தனுவின் தேவியாகிறாள். அவளுடைய மீன் நாற்றத்தைப் பற்றிப் பேச்சுண்டு, ஆன்மாவைப் பற்றி எவரும் கேட்டதில்லை. மட்டக்களப்பு வாவியிலோ மீன்மகள் பாடுகிறாள் என்பதே ஊர்ப்பெருமை; கொப்பன்கேகன் துறைமுகத்தில் 1913 முதல் கல்மேல் அமர்ந்திருக்கும் வெண்கலக் கன்னி, கதைப்படி, பேச இயலாதவள்.

ஆகவே கதையின் மூலவிசை இயங்காத வாசகனுக்கு எஞ்சுவது என்ன? ஏமாற்றப்பட்ட காதல் மட்டுமே என்று முடிவுகட்டுவோர் உளர். இவர்களுக்கு ஏற்றாற்போல் 1989இல் வந்த அமெரிக்கச் சித்திரத் திரைப்படம், கடற்கன்னிக்குத் திருமணம் செய்து வைத்துக் கதையை முடித்தது. இன்றைய பிள்ளைகளுட் பலர் அறிந்தது அதனையே. அஃது அண்டர்சனுக்குச் செய்த தீங்கு மட்டுமன்று; வாசகனின் அறிவுக்குச் செய்த அவமதிப்புமாகும். மூலத்தில், தமக்கையர் தம் கூந்தலை விலையாகக் கொடுத்து வாங்கி வந்த கத்தியை அவள் இளவரசன் நெஞ்சிற் பாய்ச்சினால் மீண்டும் கடலில் வாழலாம். அவள் அதனை அலையில் எறிகிறாள். அவ்வெறிதலுக்கு எவ்வகைப் பயனும் அக்கணத்தில் உறுதியாகவில்லை. பயன் கருதாது செய்த அச்செயலைச் சைவ மாணவனும் கத்தோலிக்க மாணவனும் விளக்கவுரை இன்றி உணர்வர். அதன் பின்னர் அவளைக் காற்றின் மகளாக்கி, முந்நூறு ஆண்டு நற்பணி செய்தால் ஆன்மா கிட்டும் என்றும், குழந்தைகள் நல்லவராயிருந்தால் காலம் குறையும், தீயவராயிருந்தால் கூடும் என்றும் ஆசிரியர் சேர்த்த பகுதியே மெலிவானது. அது குழந்தைகளை மிரட்டுவதாகும் என்று 'மேரி பொப்பின்ஸ்' எழுதிய பி. எல். ட்ராவர்ஸ் கடிந்துரைத்தார். அவர் கிறித்தவ உலகில் வளர்ந்தவர். ஆதலின் இவ்விடத்தில் தமிழ் வாசகன் கொள்ளும் மனக்குறையைச் சமய வேறுபாடு என்று மட்டும் தள்ளிவிடல் இயலாது. இங்கே கலையே வழுவுகின்றது.

தீக்குச்சிச் சிறுமியைப் பற்றிச் சில சொற்கள் போதும். குளிரில் விறைத்து இறந்தவளைப் பாட்டி விண்ணுலகுக்கு ஏந்திச் செல்லும் முடிவு கண்ணீர் வருவிக்கும். ஆயினும், ஆண்டின் கடைசி மாலையில் அவளைக் கடந்து சென்றவர்களை அக்கண்ணீர் மிக எளிதில் மன்னித்துவிடுகின்றது. வெள்ளவத்தைச் சந்தியில் கைநீட்டி நிற்கும் குழந்தையைக் கண்டும் காணாது செல்பவர்க்கு அது வசதியான கதை.

இனி, இந்துக்கள் விரும்பியதாகச் சொல்லப்பட்ட அத்தாயின் கதை. முதியவன் வடிவில் வந்த மரணம், மூன்று நாள் கண்விழித்த தாய் அயர்ந்த கணத்தில் குழந்தையைக் கவர்ந்து செல்கிறது. தேடி ஓடுபவளிடம் வழிகாட்டுவோர் ஒவ்வொருவரும் விலை கேட்கின்றனர். கறுப்பாடை அணிந்த இரவு, அவள் தாலாட்டிய பாடல்களையெல்லாம் கேட்கிறது. முட்செடி அவள் மார்பின் வெப்பத்தைக் கேட்கிறது. குருதி வடியத் தழுவுகிறாள், அது பூக்கிறது. ஏரி கண்களைக் கேட்கிறது. அழுதழுது அவை முத்துகளாய் வீழ்கின்றன. மரணத்தின் கண்ணாடித் தோட்டத்தைக் காக்கும் கிழவி கருங்கூந்தலைக் கேட்டு, நரைகூந்தலை மாற்றாகத் தருகிறாள். மனித உயிர் ஒவ்வொன்றும் ஒரு செடியாய் வளரும் அத்தோட்டத்தில், குருடியாகிய தாய் ஒரு சிறு நீலப் பூவின் நெஞ்சத் துடிப்பைக் கேட்டே தன் மகவை அறிகிறாள்.

இதுவரை தமிழ் வாசகனுக்கு மாறுபாடில்லை. இதன் பிறகு அவன் எதிர்பார்ப்பது வேறு. தரங்கம்பாடி டேனியக் கோட்டைக்குச் சில கல் தொலைவிலேதான் திருக்கடவூர். மார்க்கண்டேயனைப் பற்ற வந்த கூற்றுவனை இறைவன் உதைத்த தலம். சாவித்திரி நமனோடு சொல்லாடி வென்றாள். சம்பந்தர் மயிலையில் பூம்பாவையை எழுப்பினார். அப்பர் அப்பூதியார் மகனை எழுப்பினார். சுந்தரர் அவிநாசியில் முதலையுண்ட பாலனை மீட்டார். வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' கண்டு கதறிய ஈழத்து மக்கள், அரிச்சந்திரன் மகன் ஈற்றில் எழுவான் என்பதை அறிந்தே கதறினர். மீட்கப்படாத குழந்தையைப் பற்றிய பெருங் கதை சைவ இலக்கியத்தில் அரிது. அண்டர்சனின் தாயோ வென்றும் தோற்கிறாள். பூக்களைப் பிடுங்கி விடுவதாக அச்சுறுத்தியவள், பிடுங்கினால் வேறொரு தாய் அழுவாள் என்ற சொல் கேட்டுக் கையை எடுக்கிறாள். மரணம் கண்களைத் திருப்பித் தந்து, இருவர் வாழ்வைக் கிணற்றில் காட்டுகிறது: ஒன்று இன்பமயம், மற்றது துயரமயம். இரண்டில் எது தன் குழந்தைக்குரியது என்பது அவளுக்குச் சொல்லப்படவில்லை. துயரம் தன் மகவுக்கு வரக்கூடும் என்று நடுங்கியவள், இறைவன் விருப்பே நிறைவேறுக எனப் பணிகிறாள்.

இம்முடிவைத் தோல்வி என்று கொள்வோர்க்கு இலங்கையிலேயே ஒரு விடை உண்டு. இறந்த மகனைச் சுமந்து, சாவு காணாத வீட்டில் கடுகு தேடிய கிசாகோதமியின் கதையைச் சிங்கள மாணவர் அனைவரும் அறிவர். அவளும் குழந்தையை மீட்கவில்லை. பிறர் துயரை அறிந்தே அமைதியுற்றாள். இவ்வொப்புமை கண்டு அண்டர்சன் கீழைநாட்டிலிருந்து கதையைப் பெற்றார் என்று கூறுதல் தவறு. தெருவில் நடந்தபோது தோன்றியது என்ற அவர் சொல்லை ஐயுறக் காரணமில்லை. கிசாகோதமி பெற்றது தெளிவு. டேனியத் தாய் பெற்றது தெளிவன்று. அச்சத்தில் பிறந்த பணிவு. அவ்வச்சத்தை ஆசிரியர் மறைக்காமல் விட்டது கதையை உண்மையாக்குகின்றது. அதுவே இந்து வாசகனை நிறைவின்றி அனுப்பிவிடுகின்றது. கதையைத் திருத்தி, குழந்தையை எழுப்பிப் பாடப் புத்தகத்தில் சேர்க்க விழையும் ஆசிரியர், மாணவனிடமிருந்து அந்நிறைவின்மையைப் பறித்துவிடுகிறார்.

தாய் கொடுத்த விலைகளுள் கண்ணே பெரிது என்று மேனாட்டு ஓவியர் தீட்டுவர். தமிழில் தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே தாயின் வாயிலிருந்து ஏறத்தாழ ஒரே மெட்டில் எழுவன. இரவின்முன் அவள் கைகளைப் பிசைந்துகொண்டு அழுதழுது பாடியபோது, தாலாட்டுகள் யாவும் ஒப்பாரியாகிவிட்டன. மரணம் அவள் கண்களை ஏரியிலிருந்து மீட்டுக் கொடுத்தது. இரவு வாங்கிய பாடல்களை எவரும் திருப்பிக் கொடுத்ததாகக் கதையில் இல்லை.